இரட்டைத் துவக்கம் இல்லாமல் கணினி விளையாட்டு

தமிழ்நாட்டில் லினக்ஸ் இயங்குதளம் பெருமளவில் வீடுகளுக்குள் நுழைந்தது அரசு வழங்கிய மடிக்கணினியின் வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகளில், விண்டோசும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007 முதல் வெளியிட்டுவந்த பாஸ் லினக்சும் ஒரே வன்வட்டில் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியை இயக்கியவுடன் எந்தத் தளத்தில் நுழைவது என்று கேட்கும் பட்டியல் திரையில் தோன்றும், பயன்படுத்துபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அவற்றுள் ஒன்றை மட்டும் எழுப்பும் இந்த ஏற்பாடே டூயல் பூட் எனப்படும் இரட்டைத் துவக்கமாகும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், 2019ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்குப் பின் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களாகிவிட்ட இந்நிலப்பரப்பில், இன்று வீடுகளிலுள்ள கணினிகளை மூன்று வகையாகக் காணலாம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஒரு வகை. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ வாங்கிவந்த, அலுவலகங்கள் கழித்துவிட்ட செகண்ட்ஹேண்ட் கணினி இரண்டாம் வகை. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் சாலையும் இருப்புப்பாதையும் ஆம்பூர் வழியாகவே செல்வதால், இரண்டு சந்தைகளும் இவ்வூராருக்கு எட்டும் தொலைவில் உள்ளன. மூன்றாவது, காட்பாடியில் உள்ள வி.ஐ.டி. போன்ற கல்லூரிகளின் மாணவர்கள் வைத்திருக்கும், தனி வரைகலை அட்டை கொண்ட புதிய மடிக்கணினி. இவற்றில் முதலிரு வகைக் கணினிகள் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியவையாக இருப்பதில்லை: பகலில் ஷூ கம்பெனிக்கு அப்பர் தைத்துக்கொடுக்கும் சிறு பட்டறையின் டேலி கணக்கும் ஜி.எஸ்.டி. பட்டியலும் ஏறும் அதே கணினியில், இரவில் வீட்டுப் பிள்ளைகள் ஆட்டம் ஆடுவர்.

லினக்சுக்கு மாற விரும்பியவர்கள் விண்டோசை முழுமையாக விடாமல் வன்வட்டில் ஓர் ஓரமாக வைத்திருந்ததற்குக் காரணங்களில் முதன்மையானது விளையாட்டே. அக்காரணம் 2018க்குப் பின் படிப்படியாக வலுவிழந்து, இன்று ஒரு குறிப்பிட்ட வகை ஆட்டங்களுக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருங்கிவிட்டது. ஆகவே இரட்டைத் துவக்கம் வேண்டுமா, வேண்டாமா என்னும் கேள்விக்கு விடை, அந்த வீட்டில் ஆடப்படும் ஆட்டங்களின் பெயர்களைப் பொறுத்தது. லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதா என்ற பொதுவான விவாதம் இங்கு எதையும் தீர்ப்பதில்லை.

இரண்டு தளங்களை வைத்திருப்பதன் செலவு

இரட்டைத் துவக்கத்தில் முதலில் இழக்கப்படுவது இடம். 256 ஜி.பி. கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி.யை இரண்டாகப் பிரித்தால், 100 ஜி.பி.க்கு மேல் இடம் கோரும் ஜி.டி.ஏ. 5 போன்ற ஓர் ஆட்டத்தை ஏற்றியவுடனேயே விண்டோஸ் பாகம் ஏறத்தாழ நிரம்பிவிடும். இரண்டு தளங்களுக்கும் பொதுவாக ஒரு பாகம் ஒதுக்கி ஆட்டக் கோப்புகளை அதில் வைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாக எழும். ஆனால் விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையில் லினக்ஸ் வழி ஆட்டங்களை இயக்குவது தொல்லை நிறைந்தது. கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி இடம்பெறுவதை விண்டோஸ் ஏற்பதில்லை, லினக்சில் ஆட்டத்தை இயக்கும் மென்பொருளோ அத்தகைய பெயர்களை உருவாக்கியே தன் வேலையைச் செய்கிறது. அதன்மேல், விண்டோசில் ‘விரைவுத் துவக்கம்’ என்னும் வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால், அணைக்கப்பட்டதாகத் தோன்றும் விண்டோஸ் உண்மையில் அரைத்தூக்கத்தில் இருக்க, அதன் பாகத்தை லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கும், எழுத அனுமதிக்காது.

கடிகாரக் குழப்பம் இந்திய நேரத்தில் தெளிவாகவே வெளிப்படும். கணினியின் தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் கொள்கின்றன. விண்டோசில் இருந்துவிட்டு லினக்சுக்குள் நுழைபவருக்குக் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் முந்திக் காட்டும், மாலை 6.30 மணிக்கு மேல் நுழைந்தால் தேதியே மறுநாளாகிவிடும். இணையத்தோடு இணைந்து நேரம் திருத்தப்படும் வரை பாதுகாப்பான வலைத்தளங்கள் திறக்க மறுக்கலாம், அந்த இடைவெளியில் பதியும் பற்றுச்சீட்டில் தவறான தேதி ஏறிவிடவும் கூடும். லினக்சின் அமைப்பில் ‘வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் உள்ளது’ என ஒருமுறை குறித்துவிட்டால் இது தீரும் என்றாலும், குறிக்க வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே.

இவற்றினும் கடுமையானது துவக்கியின் நிலையாமை. துவக்கி என்பது கணினி விழித்தெழும்போது எந்தத் தளத்தை ஏற்றுவது என்று முடிவுசெய்யும் சிறு நிரல். விண்டோசின் இற்றைப்படுத்தல்கள் அதை மாற்றியமைக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு; 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான பாதுகாப்புத் திருத்தம், இரட்டைத் துவக்கக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் ஏறவே விடாமல் செய்தது பலரும் அறிந்தது. பிட்லாக்கர் என்னும் வன்வட்டுப் பூட்டு இயக்கத்தில் இருந்தாலோ எதிர்ப்புறத்திலிருந்து இடர் வரும்: லினக்சை நிறுவும்போது துவக்க அமைப்பு மாறுவதால், விண்டோஸ் மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கும், அக்குறியீடு எங்கே சேமிக்கப்பட்டது என்பது தெரியாதவர் தம் கோப்புகளையே இழக்க நேரும். வாரத்தில் ஒருநாள் மட்டும் ஆட்டத்திற்காக விண்டோசை எழுப்புபவருக்கு, அவ்வார இற்றைப்படுத்தல்கள் அனைத்தும் ஞாயிறு மாலையிலேயே இறங்கத் தொடங்கும் என்பது சிறிய துன்பந்தான். ஆயினும் பலரும் முதலில் நொந்துகொள்வது இதைப் பற்றியே.

விண்டோஸ் ஆட்டம் லினக்சில் ஓடுவது எவ்வாறு

விண்டோசுக்காக எழுதப்பட்ட ஓர் ஆட்டத்தில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, கணினியின் செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகள். மற்றொன்று, ‘இக்கோப்பைத் திற’, ‘இச்சாளரத்தை வரை’, ‘இவ்வொலியை எழுப்பு’ என இயங்குதளத்திடம் விடுக்கும் கோரிக்கைகள். செயலி இரண்டு தளங்களிலும் ஒன்றே ஆதலால் முதற்கூற்றில் மாற்றம் எதுவும் தேவையில்லை. இரண்டாம் கூற்றை மட்டும் லினக்சுக்கு ஏற்பப் பெயர்த்துக் கொடுத்தால் போதும். 1993இல் தொடங்கப்பட்டு 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் வளர்ந்துவரும் ஒயின் என்னும் மென்பொருள் செய்வது இதைத்தான். ஆம்பூரில் தைக்கப்படும் ஒரு ஷூ, செல்லும் நாட்டுக்கேற்பப் பிரிட்டிஷ் எண்ணிலோ ஐரோப்பிய எண்ணிலோ அளவு குறிக்கப்பட்டுப் பெட்டிக்குள் செல்கிறது; எண் மாறினாலும் ஷூவும் காலும் மாறுவதில்லை. ஒயினும் கோரிக்கையின் பெயரை மாற்றுகிறதேயன்றி, வேறொரு கணினியைப் போலப் போலிவேடம் புனைந்து ஆட்டத்தை மெதுவாக்குவதில்லை.

ஒயின் 1.0 பதிப்பு 2008இல் வந்தபோதும் அதன்பின் பத்தாண்டுகளும், அலுவலக மென்பொருள்கள் ஓரளவு ஓடினாலும் புதிய ஆட்டங்கள் தடுமாறின. காரணம் வரைகலை. விண்டோஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் என்னும் மைக்ரோசாப்டின் வரைகலை முறையில் எழுதப்பட, லினக்சில் இருந்த ஓப்பன்ஜிஎல் என்னும் முறைக்கு அவற்றைப் பெயர்ப்பதில் வேகம் பெரிதும் குறைந்தது. 2016இல் வெளியான வல்கன் என்னும் புதிய வரைகலை முறை, வரைகலை அட்டையுடன் மேலும் நெருக்கமாகப் பேச வழிசெய்தது. பிலிப் ரெபோலே என்பவர் உருவாக்கிய டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றித் தந்தது. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் ஒன்றிணைத்துப் புரோட்டான் என்ற பெயரில் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. டைரக்ட்எக்ஸ் 12 ஆட்டங்களுக்கென விகேடி3டி-புரோட்டான் என்னும் மற்றொரு பெயர்ப்பு நிரலும் பின்னர் சேர்ந்தது. ஸ்டீம் 2013 பிப்ரவரியிலேயே லினக்சுக்கு வந்திருந்தாலும், புரோட்டானுக்கு முன் அதில் ஆடக்கூடியவை லினக்சுக்கெனவே எழுதப்பட்ட ஆட்டங்கள் மட்டுமே.

2022 பிப்ரவரியில் வால்வ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி, ஆர்ச் லினக்சை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் தளத்தில் இயங்குவது. வன்பொருளை விற்க வேண்டுமெனில் ஆட்டங்கள் ஓடியே தீர வேண்டும் என்னும் வணிகக் கட்டாயம் அதனால் ஏற்பட, திருத்தங்கள் விரைந்து வந்தன. அத்திருத்தங்கள் அனைத்தும் பேர்ணாம்பட்டில் உள்ள பழைய மேசைக்கணினிக்கும் கட்டணமின்றியே கிடைக்கின்றன. தொண்டுள்ளத்தைவிட வணிகத் தேவை லினக்சுக்கு அதிகம் உதவிய இடங்களில் இது ஒன்று.

ஓடாதவை

புரோட்டானின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறிந்துகொள்வதே இவ்வத்தியாயத்தில் மிகவும் பயன்படக்கூடிய செய்தி. இயங்குதளத்தின் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகம், செயலி, கருவிகள் ஆகிய அனைத்தின் மீதும் முழு அதிகாரம் உடையது அதுவே. சாதாரண நிரல்கள் கெர்னலுக்கு வெளியே நின்று கோரிக்கை விடுப்பவை. ஒயின் பெயர்த்துக் கொடுப்பது அக்கோரிக்கைகளைத்தான். இணையவழிப் போட்டி ஆட்டங்களில் பிறர் ஏமாற்று நிரல்களைப் பயன்படுத்தாதவாறு கண்காணிக்கும் ‘ஆன்டி-சீட்’ மென்பொருள்களில் சில, விண்டோசின் கெர்னலுக்குள்ளேயே ‘டிரைவர்’ எனப்படும் ஓர் இயக்கியாகக் குடியேறுகின்றன. லினக்சில் விண்டோசின் கெர்னலே இல்லாதபோது, அதற்குள் குடியேற வந்த இயக்கிக்கு இடம் ஏது? ஒயின் எவ்வளவு முன்னேறினாலும் இத்தடையைத் தாண்டுவது அதன் கையில் இல்லை.

இதனால் வேங்கார்ட் காவல் நிரலைக் கோரும் வேலரன்ட், 2024 முதல் அதே நிரலுக்கு மாறிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், ஃபோர்ட்நைட், கணினிக்கான பப்ஜி, ரெயின்போ சிக்ஸ் சீஜ், அண்மைய கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்டு 6, ஈ.ஏ. நிறுவனத்தின் அண்மைய கால்பந்து ஆட்டங்கள் ஆகியவை லினக்சில் ஆட இயலாதவை. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு காவல் நிரல்கள் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்தன. எனினும் அதை இயக்கத்தில் வைப்பதா என்பது ஒவ்வோர் ஆட்டத்தின் உரிமையாளர் முடிவு. இம்முடிவு மாறவும் கூடும்: லினக்சில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் அவ்வழியை மூடியது. ஜி.டி.ஏ. 5இன் இணையவழிப் பகுதி 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டதும் லினக்சில் நின்றுபோனது, தனியாக ஆடும் கதைப்பகுதி மட்டும் இன்றும் ஓடுகிறது. ஆக, இன்று ஓடும் இணையவழிப் போட்டி ஆட்டம் அடுத்த ஆண்டும் ஓடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. தனியாக ஆடும் ஆட்டத்திற்கு அந்த அச்சம் பெரும்பாலும் இல்லை.

மறுபுறம், கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகியவை லினக்சுக்கெனவே வெளியிடப்பட்டவை. பிரவுசிங் சென்டர் காலத்து நினைவாக இன்றும் ஆடப்படும் கவுன்டர்-ஸ்டிரைக் 1.6க்கும் 2013 முதல் லினக்ஸ் பதிப்பு உண்டு. விட்சர் 3, சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ஷன் 2 போன்ற பெரிய கதை ஆட்டங்கள் புரோட்டான் வழியாக நன்கு ஓடுகின்றன. கணினியில் ஆண்ட்ராய்டு ஆட்டங்களை ஓட்டும் புளூஸ்டாக்ஸ் போன்றவை லினக்சுக்கு வரவில்லை. வேய்டிராய்டு என்னும் மாற்று இருந்தும், கைபேசிப் போட்டி ஆட்டங்களை அதில் ஆட முயல்வது கணக்கு முடக்கத்தில் கொண்டுபோய் விடலாம் என்பதால், பி.ஜி.எம்.ஐ. போன்ற கைபேசி ஆட்டம் ஆடுபவர் கைபேசியிலேயே ஆடுவதுதான் நேர்.

ஓர் ஆட்டத்தின் நிலையை முன்கூட்டியே அறிய, பயன்படுத்துவோரே தத்தம் அனுபவத்தைப் பதியும் புரோட்டான்டிபி என்னும் வலைத்தளம் உதவும். பிளாட்டினம், கோல்டு எனத் தரம் பெற்றவற்றைத் தயங்காமல் நிறுவலாம். தரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், தம்முடைய அட்டையைப் போன்ற அட்டை வைத்திருப்பவர் அண்மையில் எழுதியது என்ன என்பதையும் படிப்பது முறை, ஏனெனில் பழைய பதிவுகள் பழைய புரோட்டானைப் பற்றியவை.

கணினி ஏற்றதா

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கோருவதால், அரசுத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் அதற்கு முறைப்படி மாற இயலாது. அவற்றுக்கு லினக்ஸ் இயல்பான அடுத்த நிலைதான். எனினும் புரோட்டான் அவற்றில் எல்லாவற்றையும் ஓட்டிவிடும் என்று நம்புவது ஏமாற்றத்தில் முடியும்.

டிஎக்ஸ்விகேயின் இன்றைய பதிப்புகள் வல்கன் 1.3ஐக் கோருகின்றன. இன்டெல் செயலியின் உள்ளமைந்த வரைகலையில் 2015இல் வந்த ஆறாம் தலைமுறை முதலும், என்விடியாவில் 2014இல் வந்த மேக்ஸ்வெல் தலைமுறை முதலும், ஏஎம்டியில் 2012இல் தொடங்கிய ஜிசிஎன் கட்டமைப்பு முதலும் இதை எதிர்பார்க்கலாம். அதற்கு முந்தைய கணினியில் புரோட்டானுக்குப் பழைய ஓப்பன்ஜிஎல் வழியைப் பயன்படுத்துமாறு கட்டளையிடலாம். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆட்டங்கள் அவ்வழியில் ஓரளவு ஓடும். இவ்வகைக் கணினிக்கு உண்மையில் பொருத்தமானவை லினக்சில் நேரடியாக ஓடும் எடை குறைந்த ஆட்டங்கள்: பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்னும் வியூக ஆட்டம், போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓப்பன்டிடிடி, மைன்கிராப்டை ஒத்த லுவான்டி. இவை கட்டணமற்றவை, விளம்பரமும் அற்றவை. சிறுவர்களுக்குக் கொடுப்பதற்கு வணிக ஆட்டங்கள் பலவற்றைவிட மேலானவை.

செகண்ட்ஹேண்ட் மேசைக்கணினி வாங்குபவர் ஆறாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலி, குறைந்தது 8 ஜி.பி. நினைவகம், சுழலும் வன்வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குவது நலம். பிறகு அட்டை சேர்க்க விரும்பினால், அலுவலகக் கணினிகளின் சிறிய பெட்டியில் முழு உயர அட்டை நுழையாது என்பதையும், அவற்றின் மின்வழங்கிக்கு அட்டைக்கான தனி இணைப்பு பெரும்பாலும் இராது என்பதையும் கடையிலேயே கருத வேண்டும். லினக்சைப் பொறுத்தவரை ஏஎம்டி, இன்டெல் அட்டைகளுக்கான இயக்கிகள் தளத்தோடே வருகின்றன. என்விடியாவுக்கு அந்நிறுவனத்தின் இயக்கியைத் தனியே நிறுவ வேண்டும். மாணவர் மடிக்கணினிகளில் இன்டெல் வரைகலையும் என்விடியா அட்டையும் சேர்ந்தே இருப்பதால், ஆட்டத்தை என்விடியாவில் ஓடச் செய்யும் தெரிவு சரியாக உள்ளதா என்று பார்ப்பதும் தேவை. ஆட்டம் மந்தமாக இருக்கிறது என்று லினக்ஸ் மீது சுமத்தப்படும் குறைகளில் பல, ஆட்டம் தவறான வரைகலையில் ஓடியதால் எழுந்தவை.

நிறுவும் ஒழுங்கு

எதையும் அழிப்பதற்கு முன், லினக்சை யு.எஸ்.பி. டிரைவில் எழுதி, வன்வட்டைத் தொடாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்ப்பது வழக்கம். வைஃபை, ஒலி, திரை ஒளிர்வு, தொடுபலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். லினக்சின் பல வகைகளுள் புதியவருக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. அதன் டிரைவர் மேலாளர் என்விடியா இயக்கியைச் சில சொடுக்குகளில் நிறுவித் தரும். ஆட்டத்திற்காகவே ஒதுக்கப்பட்ட கணினி எனில் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட பஸ்சைட் போன்றவற்றை எண்ணலாம். ஸ்டீமும் இயக்கிகளும் அதில் முன்கூட்டியே அமைந்துள்ளன. பாஸ் லினக்ஸ் டெபியன் வழிவந்தது, நிலைத்தன்மையை முதன்மையாகக் கருதுவது; ஆட்டங்களுக்கு வேண்டிய புதிய வரைகலை நிரல்கள் அதில் தாமதமாகவே வரும் என்பதால் இப்பயனுக்கு அது பொருந்தாது.

ஸ்டீமை நிறுவியபின் அதன் அமைப்புகளில் பொருத்தப்பாடு என்னும் பகுதியில், எல்லா ஆட்டங்களுக்கும் புரோட்டான் பயன்படுத்தப்படுமாறு குறித்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அண்மைப் பதிப்புகளில் இது இயல்பாகவே அவ்வாறு உள்ளது. அதன்பின் விண்டோசில் போலவே ‘நிறுவு’, ‘ஆடு’ என்னும் பொத்தான்கள்தாம். ஓர் ஆட்டம் திறக்காவிட்டால், அதன் பண்புகளில் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்வதே முதல் மருந்து: முதலில் சோதனைப் பதிப்பு, பிறகு தாமஸ் கிரைடர் வெளியிடும் ஜிஇ-புரோட்டான். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்னும் நிரலும், குறுந்தகட்டில் இருக்கும் பழைய ஆட்டங்களுக்கு லூட்ரிஸ் என்னும் நிரலும் உதவுகின்றன. முதன்முறை ஆடும்போது காட்சிகள் இடையிடையே தடைபடுவது, வரைகலை அட்டைக்கான சிறு நிரல்கள் அப்போதுதான் தொகுக்கப்படுவதால் நேர்வது. அடுத்தடுத்த முறை ஆடும்போது அது மறையும்.

புரோட்டான் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் தனித்தனியாக ஒரு போலி ‘சி டிரைவ்’ கோப்புறையை உருவாக்குகிறது. ஆட்டத்தில் எட்டிய நிலைகள் பலவும் அதனுள்ளேயே சேமிக்கப்படும். ஸ்டீமின் மேகச் சேமிப்பு இல்லாத ஆட்டத்தில் அக்கோப்புறையை இடம் மிச்சப்படுத்த அழிப்பவர், அதுவரை ஆடிய அனைத்தையும் சேர்த்தே அழித்துவிடுவார்.

கிராக் செய்யப்பட்ட பிரதிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லினக்சில் வைரஸ் வராது என்ற நம்பிக்கையில் பென்டிரைவில் கைமாறி வந்த ஆட்டத்தை ஒயினில் இயக்குபவர், ஒயின் தன் இயல்புநிலையில் ‘இசட் டிரைவ்’ என்ற பெயரில் கணினியின் முழுக் கோப்பமைப்பையும் அந்த நிரலின் பார்வைக்குத் திறந்துவைக்கிறது என்பதை அறிவதில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரு விண்டோஸ் தீநிரல், அவ்வழியாக வீட்டுக் கோப்புறையில் உள்ள கணக்குப் பிரதிகளையும் பூட்டிவிட இயலும்.

வெயில், தூசி, வாயு

வேலூரின் கோடை 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். அறையின் வெப்பமே அவ்வாறிருக்க, ஆட்டம் ஓடும் மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிய பத்து நிமிடத்திற்குப் பின் திணறத் தொடங்கினால் ஐயம் முதலில் வெப்பத்தின் மீதே எழ வேண்டும். மேங்கோஹட் என்னும் சிறு நிரல் வெப்பநிலையையும் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் வரையப்படுகின்றன என்பதையும் திரையின் மூலையில் காட்டும். சட்டகங்களை 60க்குப் பதில் 40 என்று வரம்பிட்டால், கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாமலேயே வெப்பம் கணிசமாகத் தணியும்.

தோல் தொழில் ஊர்களுக்கே உரிய வேறு இரண்டு பகைகளும் உண்டு. பதனிட்ட தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்கும் பஃபிங் வேலையில் எழும் மென்தூசி, அத்தகைய இடத்தை ஒட்டிய அறையில் வைத்த கணினியின் விசிறியையும் வெப்பவாங்கியையும் அடைத்துவிடும். மற்றது, முடி நீக்குவதற்குச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சோடியம் சல்பைடிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. செம்பையும் வெள்ளியையும் கருக்கச் செய்வது அதன் இயல்பு. சுற்றுப்பலகையின் செம்புத் தடங்களும் தொடர்பு முனைகளும் அரிக்கப்படும்போது, கணினி காரணமின்றி உறைவதும் தானே மறுதொடக்கம் ஆவதும் நேரும். தோல் ஷாப்பிலிருந்து வந்த பழைய கணினியை வாங்குபவர், பெட்டியைத் திறந்து பலகையின் நிறத்தைப் பார்த்த பின்பே விலை பேசுவது நல்லது. அத்தகைய கணினியில் ஆட்டம் நின்றுபோனால், இயங்குதளத்தை மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்ப்பதில் பயன் இல்லை.

கணக்கு இருக்கும் கணினி

டேலி விண்டோசுக்காக எழுதப்பட்டது. ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் வரையப் பயன்படும் கணினி வடிவமைப்பு மென்பொருள்களும் பெரும்பாலும் அவ்வாறே. இவற்றை ஒயினில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு எனினும், ஏற்றுமதிப் பட்டியலும் வரிக்கணக்கும் சார்ந்த வேலையில் சோதனை செய்வதை இந்நூல் பரிந்துரைக்காது. வருவாய் தரும் கணினியில் விண்டோஸ் இருந்தபடியே இருக்கட்டும். ஆட்டத்தை வேறு கணினிக்கு மாற்றுவதே அறிவுடைமை. அரசு கொடுத்த மடிக்கணினியோ சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மேசைக்கணினியோ அதற்குப் போதும்.

வேறு கணினிக்கு வழியில்லாதவரும், வேலரன்ட் போன்ற ஆட்டத்தை விட மனமில்லாதவரும் இரண்டு தளங்களையும் வைத்திருக்கத்தான் வேண்டும். அவர்கள் ஒரே வட்டைப் பிரிக்காமல், தளம் ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு எஸ்.எஸ்.டி.களைப் பொருத்தி, லினக்சை நிறுவும்போது விண்டோஸ் வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னர் கணினியின் சொந்தத் துவக்கப் பட்டியலிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கையாளலாம். துவக்கிகள் தனித்தனி வட்டுகளில் இருப்பதால் ஒன்றின் இற்றைப்படுத்தல் மற்றதைக் கெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. லினக்சுக்குள் மெய்நிகர் கணினி அமைத்து, அதனுள் விண்டோசை வைத்து, ஒரு வரைகலை அட்டையை அதற்கென ஒப்படைக்கும் முறையும் உண்டு. இரண்டு அட்டைகளும் மிகுந்த பொறுமையும் கேட்கும் அம்முறையில் வேலரன்ட் அப்போதும் ஓடாது என்பதால் அதை இங்கு விரிக்கத் தேவையில்லை.

இரட்டைத் துவக்கம் ஏற்கெனவே உள்ள கணினியில் விண்டோசை நீக்க முடிவுசெய்தவர், ஓரிரு மாதம் அதில் நுழையாமலே இருந்து பார்த்து, இடையில் எதற்காகவாவது நுழைய நேர்ந்ததா என்று கவனித்த பின் நீக்குவது நல்லது. ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் வெளிவட்டில் படியெடுத்தபின், விண்டோஸ் பாகத்தை மட்டும் அழித்து அவ்விடத்தை லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அமைத்து, ஸ்டீமின் சேமிப்பிடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இ.எஃப்.ஐ. என்று குறிக்கப்பட்டுள்ள சிறிய பாகத்தைத் தொடக்கூடாது. லினக்சின் துவக்கியும் அதனுள்தான் இருக்கிறது. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்கப்பட்ட மடிக்கணினிகளில் உரிமக் குறியீடு தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், பின்னொரு நாள் கணினியை விற்கும்போதோ வேறு தேவை எழும்போதோ அதே பதிப்பை மீண்டும் நிறுவினால், புதிய உரிமம் வாங்காமலேயே அது ஏற்றுக்கொள்ளப்படும்.